மழையை நம்பிய நிலம்: யூத, கிறித்தவ மறைநூல்களில் வளநிலக் குறியீடு

எருசலேம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைநகரம். அதற்குக் கிழக்கே ஒரு நாள் நடைத்தொலைவில், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டர் தாழ்வில் கிடக்கிறது எரிகோ. எருசலேமில் ஆண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எரிகோவில் பெய்வது ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு மலைச்சரிவின் மேற்குமுகம் பச்சையாகவும் கிழக்குமுகம் வெறும்பாறையாகவும் காட்சி தரும் நாடு அது. விளைநிலமும் பாலையும் அங்கே அண்டை வீடுகளைப் போல அமைந்துள்ளன. ஓராண்டு மழை பொய்த்தால் பாலை விளைநிலத்தின் முற்றத்திற்கே வந்துவிடும்.

விவிலியத்தின் வளநிலக் காட்சிகளைக் கற்கப் புகுவோர் முதற்கண் மனங்கொள்ள வேண்டுவது இந்நிலவியல் உண்மையே. திராட்சைத் தோட்டம், அத்திமர நிழல், ஒலிவத் தோப்பு, நீரூற்றுள்ள பூங்கா என அந்நூல்களில் மீண்டும் மீண்டும் வரும் காட்சிகள் வளத்தில் திளைத்த ஒரு மக்களின் பெருமிதப் பாடல்கள் அல்ல. கையிலிருக்கும் வளம் எந்நேரமும் நழுவக்கூடும் என்றறிந்த மக்களின் சொற்கள் அவை. ஆதலால்தான் அங்கு வளநிலம் வருணனைப் பொருளாக நின்றுவிடாமல், அறத்தின் அளவுகோலாக உயர்கிறது. அவ்வுயர்வின் வரலாற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானம் பார்த்த பூமி

உபாகமத்தின் பதினோராம் அதிகாரம் இரண்டு நாடுகளை ஒப்பிடுகிறது. ஒன்று நைல் பாயும் எகிப்து. மற்றொன்று மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த கானான். எகிப்தில் உழவன் தன் காலின் உழைப்பால் கீரைத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவது போல வயலுக்கு நீர் பாய்ச்சினான். கானானோ வானம் தரும் மழையைக் குடித்து வாழ வேண்டிய நிலம். உலகியல் நோக்கில் எகிப்தே மேம்பட்ட நாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நூல் மழையை நம்பிய நிலத்தையே இறைவனின் கண்கள் ஆண்டு முழுதும் நோக்கியிருக்கும் நிலம் எனச் சிறப்பிக்கிறது. குறைபாடு ஒன்று உறவாக மாற்றப்படும் இடம் இது. நிலம் வானத்தை நம்பியிருப்பதால், அதில் வாழ்வோரும் வானத்தோடு உடன்படிக்கை கொண்டவர்கள் ஆகின்றனர். அடுத்துவரும் வரிகள் அதன் மறுபக்கத்தையும் கூறிவிடுகின்றன: உடன்படிக்கை பிழைத்தால் வானம் அடைபடும், நிலம் பலன் தராது.

முன்மாரி, பின்மாரி எனத் தமிழ் விவிலியம் பெயரிடும் இருவகை மழைகளும் எபிரேயத்தில் 'யோரே', 'மல்கோஷ்' எனப்பட்டன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வரும் முன்மாரி காய்ந்த மண்ணை இளக்கி ஏர் இறங்க வழிசெய்யும். மார்ச், ஏப்ரலில் வரும் பின்மாரி கதிர்மணியைப் பருக்கச் செய்யும். இடைப்பட்ட கோடையில் ஏறத்தாழ மழையே இல்லை. இவ்வேளாண் ஆண்டின் சான்று ஒன்று 1908-இல் கெசேர் அகழாய்வில் ஆர். ஏ. எஸ். மெக்காலிஸ்டருக்குக் கிடைத்தது. உள்ளங்கையளவே உள்ள அச்சுண்ணாம்புக்கல் பலகை கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் பன்னிரு மாதங்களும் தொழில்களாலேயே பெயர் பெறுகின்றன: விளைச்சல் சேர்க்கும் மாதங்கள், விதைக்கும் மாதங்கள், பின்விதைப்பு மாதங்கள், ஆளிச்செடி பறிக்கும் மாதம், வாற்கோதுமை அறுக்கும் மாதம், அறுத்து அளக்கும் மாதம், திராட்சைக் கொடியைப் பேணும் மாதங்கள், கோடைக்கனி மாதம். காலத்தை மண்ணின் வேலையாகவே எண்ணிய ஒரு சமுதாயத்தின் நெஞ்சம் இதில் தெரிகிறது.

'பாலும் தேனும் ஓடும் நாடு' என்னும் புகழ்பெற்ற தொடரும் ஈண்டு நோக்கத்தக்கது. பால் மேய்ச்சல் நிலத்தின் பயன். தேன் என்பதை உபாகமம் கூறும் ஏழு விளைபொருள்களின் வரிசையில் பேரீச்சங்கனியின் சாறு என்றே மரபுரையாளர் கொள்வர். எனினும் யோர்தான் பள்ளத்தாக்கிலுள்ள தெல் ரெகோவ் என்னுமிடத்தில் 2007-இல் வெளிப்பட்ட தேனீக்கூடுகள் வேறொரு செய்தியையும் தந்தன. வைக்கோலும் களிமண்ணும் குழைத்துச் செய்த உருளைக் கூடுகள் ஏறத்தாழ முப்பது, கி.மு. பத்தாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த அடுக்கில் வரிசையாகக் கிடைத்தன. தேனீ வளர்ப்பு அந்நிலத்தில் முறையான தொழிலாகவே நடந்தது என்பது இதனால் புலனாகும்.

கர்மேலில் எழுந்த வினா

மழையை நம்பிய நாட்டில், மழை யாருடையது என்பதே சமயத்தின் முதல் வினாவாக இருந்திருக்கும். கானானியர் பாகால் தெய்வத்தை முகில்மேல் ஊர்பவனாகவும் மழை தருபவனாகவும் போற்றினர். சிரியக் கடற்கரையிலுள்ள ராஸ் சம்ராவில் 1929-இல் தொடங்கிய அகழாய்வு உகரித்து நகரத்தின் களிமண் ஏடுகளை வெளிக்கொணர்ந்தபோது, பாகாலின் வீழ்ச்சியும் மீட்சியும் பேசும் தொன்மக் கதை உலகிற்குத் தெரியவந்தது. அவன் வீழ்ந்தால் நிலம் வறளும்; மீண்டால் வளம் பெருகும்.

இப்பின்னணியில் வாசிக்கும்போதுதான் அரசர்களின் வரலாற்று நூல் கூறும் எலியாவின் கதை முழுப்பொருள் பெறும். கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆகாப் அரசன் காலத்தில் நெடும்பஞ்சம் வந்தது. போட்டி நடந்த இடம் கர்மேல் மலை. 'கர்மேல்' என்பது மலைப்பெயர் மட்டுமன்று. செழித்த தோட்டநிலம் என்னும் பொதுப்பொருளும் அச்சொல்லுக்கு எபிரேயத்தில் உண்டு. வளத்தின் பெயர் தாங்கிய மலையின்மேல், வறட்சியின் நடுவே, வளம் தருபவர் யார் என்னும் வழக்கு தீர்க்கப்படுகிறது. முடிவில் கடலிலிருந்து ஒரு மனிதக் கையளவே உள்ள சிறுமுகில் எழுகிறது. பெருமழையின் முன்னறிவிப்பாக அத்துணைச் சிறியதொரு படிமத்தைத் தேர்ந்த கதையாசிரியரின் கலையடக்கம் கவிஞர்கள் எண்ணி மகிழத்தக்கது.

கீரைத் தோட்டமும் திராட்சைத் தோட்டமும்

அதே ஆகாப் அரசனைப் பற்றிய மற்றொரு கதை, வளநிலக் குறியீட்டின் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். யெஸ்ரயேலில் அரண்மனையை அடுத்து நாபோத் என்னும் குடியானவனின் திராட்சைத் தோட்டம் இருந்தது. அரசன் அதைக் கேட்டான். விலை தருவதாகவும், வேறு நல்ல தோட்டம் தருவதாகவும் கூறினான். நாபோத் மறுத்தான். அது அவன் முன்னோரின் உரிமைப்பேறு. 'நகலா' என்னும் எபிரேயச் சொல் சுட்டும் அவ்வுரிமை, விற்றுத் தீர்க்கும் சொத்து அன்று. நிலம் இறைவனுடையது, மனிதர் அதில் தங்கியிருப்போர் மட்டுமே, ஆதலால் நிலையாக விற்கலாகாது என்பது லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரச் சட்டம். பின்னர் அரசி யேசபேல் பொய்ச்சான்று ஏற்பாடு செய்ய, நாபோத் கல்லெறிந்து கொல்லப்படுகிறான். தோட்டம் அரசனுக்கு ஆகிறது.

அரசன் அத்தோட்டத்தை எதற்காகக் கேட்டான் என்பதில் ஒரு நுட்பம் உள்ளது. திராட்சையை அகற்றிக் கீரைத் தோட்டம் போட விரும்பினான். உபாகமம் எகிப்தைக் குறிக்கக் கையாண்ட அதே எபிரேயத் தொடர் இங்கும் வருகிறது. திராட்சைக்கொடி பயன் தரப் பல ஆண்டுகள் ஆகும். தந்தை நட்டதன் பயனை மகனும் பேரனும் துய்ப்பர். கீரையோ ஒரு பருவத்துப் பயிர். அதற்கு நாளும் நீர் இறைக்க வேண்டும். தலைமுறைகளின் நிலத்தை ஓர் அரண்மனையின் அடுக்களைத் தோட்டமாக்குவது, விடுதலை பெற்ற நாட்டை மீண்டும் எகிப்தாக்குவதற்கு நிகர் என்பதை அவ்வொரு தொடர் உணர்த்திவிடுகிறது. யெஸ்ரயேல் பகுதியில் பாறையில் வெட்டிய பழைய திராட்சை ஆலை அகழாய்வில் வெளிப்பட்டிருப்பதும் குறிப்பிடத்தக்கது. கதையின் நிகழ்ச்சிகளை அது மெய்ப்பிப்பதாகக் கொள்ளல் பொருந்தாது. கதை வேரூன்றிய மண் திராட்சை மண்ணே என்பதை மட்டும் அது காட்டுகிறது.

ஏசாயாவின் தோட்டப் பாட்டு

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் யூதாவில் வாழ்ந்த ஏசாயா, மேற்கண்ட உணர்வைக் கவிதையாக்கினார். அவர் பெயரால் வழங்கும் நூலின் ஐந்தாம் அதிகாரம் ஒரு காதற்பாட்டைப் போலத் தொடங்குகிறது. அன்பன் ஒருவனுக்குச் செழித்த குன்றொன்றில் தோட்டம் இருந்தது. அவன் மண்ணைக் கொத்திக் கற்களைப் பொறுக்கி எறிந்தான், உயர்ந்த கொடியை நட்டான், நடுவே காவற்கோபுரம் எழுப்பினான், ஆலையும் வெட்டினான். நற்கனியை எதிர்பார்த்தவனுக்குக் கிடைத்தது கசப்புக்காய். கேட்போரையே நடுவராக அழைத்துத் தீர்ப்புச் சொல்லச் செய்துவிட்டு, அத்தோட்டம் நீங்களே என்று பாட்டு திரும்புகிறது.

இப்பாட்டின் உச்சம் ஒரு சொல்விளையாட்டில் அமைகிறது. 'மிஷ்பாத்' என்னும் நீதியை எதிர்பார்த்தார். வந்ததோ 'மிஸ்பாக்' என்னும் குருதிச்செயல். 'செதாகா' என்னும் நேர்மையை நாடினார்; கேட்டதோ 'செஆகா' என்னும் அலறல். ஓசையில் ஒன்றுபோலவும் பொருளில் எதிராகவும் நிற்கும் இச்சொல்லிணைகள், நற்கனியும் கசப்புக்காயும் தொலைவிலிருந்து ஒன்றுபோலத் தோன்றுவதை ஓசையாலேயே காட்டுகின்றன. மொழிபெயர்ப்பில் எளிதில் கிட்டாத இவ்வின்பம் மூலத்தின் தனிச்சிறப்பு.

பாட்டை அடுத்து உடனே வரும் கண்டன உரை, வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்து, பிறர்க்கு இடமே இல்லாமற் செய்வோரைச் சாடுகிறது. எனவே கசப்புக்காய் எது என்பதில் குழப்பத்திற்கு இடமில்லை. சிறுகுடியானவரின் நிலங்கள் செல்வர் கையில் குவிந்த காலத்தின் குரல் அது. வளநிலம் என்னும் குறியீடு நிலவுரிமை என்னும் மெய்ப்பொருளிலிருந்து பிரியாமல் நிற்பதே எபிரேயக் கவிதையின் வலிமை எனலாம்.

முற்றுகையில் வாங்கிய நிலம்

ஒவ்வொருவரும் தம் திராட்சைக்கொடியின் கீழும் அத்திமரத்தின் கீழும் அச்சமின்றி அமர்ந்திருத்தல் என்பது எபிரேய மக்களின் அமைதிக்கனவு. சாலமோன் காலத்தைப் புகழவும், மீகா வருங்காலத்தைப் பாடவும் இதுவே பயன்படுகிறது. ஆனால் இதே கனவைப் பகைவனும் கையாண்டதை அரசர்களின் நூல் பதிவு செய்திருப்பது வியப்பிற்குரியது. கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் நகரங்களை அழித்தபோது, அவனுடைய அதிகாரி எருசலேமின் மதிலருகே நின்று மக்களின் மொழியிலேயே பேசினான்: சரணடைந்தால் அவரவர் கொடியின் கனியையும் அத்தியின் கனியையும் உண்ணலாம், பின்னர் இதைப் போன்ற வேறொரு நாட்டிற்குக் கொண்டுசெல்லப்படலாம். நாடு கடத்தலுக்கும் தோட்டத்தின் வண்ணம் பூசப்பட்டது. அப்படையெடுப்பில் வீழ்ந்த லாகீஸ் நகரத்தின் காட்சியை நினிவே அரண்மனைச் சுவரில் அசீரியச் சிற்பிகள் செதுக்கினர். இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள அக்கற்பலகைகளில், சிறைபட்டோர் மூட்டை முடிச்சுகளுடன் நடந்துசெல்ல, பின்புலத்தில் கொடிகளும் மரங்களும் காய்த்து நிற்கின்றன.

கி.மு. 586-இல் பாபிலோனியர் கையில் எருசலேம் வீழ்வதற்குச் சற்றுமுன், எரேமியா செய்த செயல் சொல்லைவிட வலிய குறியீடு. நகரம் முற்றுகையில் இருந்தது. எரேமியா காவலில் இருந்தார். அந்நிலையில் தம் ஊராகிய ஆனதோத்தில் உறவினனின் நிலமொன்றைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சான்றோர் முன் பத்திரம் எழுதி, நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் இடச் செய்தார். பகைவர் படை கூடாரமடித்த நாட்டில் வயலுக்கு விலை கொடுப்பது பித்தர் செயலாகத் தோன்றலாம். இந்நாட்டில் வீடும் வயலும் தோட்டமும் மீண்டும் வாங்கப்படும் என்னும் நம்பிக்கையை, முறையான கிரயப் பத்திரமொன்றின் வழியே அவர் பறைசாற்றினார். நகரம் வீழ்ந்தபின் உடைமையற்ற ஏழைகள் சிலருக்குத் திராட்சைத் தோட்டங்களும் வயல்களும் தரப்பட்டன என்னும் செய்தியையும் அவர் நூல் விடாமல் குறிக்கிறது. வயலோடு வயல் சேர்த்தோர் அகன்றபின், வயலற்றோர் கைக்கு மண் வந்தது.

உப்பு நீரில் விழுந்த ஆறு

நாடு கடந்து வாழ்ந்தோர் நினைவில் நிலம் மேலும் ஒளி பெற்றது. பாபிலோனில் இருந்த எசேக்கியேல் தம் நூலின் நாற்பத்தேழாம் அதிகாரத்தில் ஒரு காட்சி காண்கிறார். கோவிலின் வாயிற்படியடியிலிருந்து சிறுநீரோட்டம் ஒன்று கிழக்கே ஓடுகிறது. கணுக்காலளவு, முழங்காலளவு, இடுப்பளவு எனப் பெருகி, நீந்தியே கடக்க வேண்டிய ஆறாகிறது. அது சென்று விழும் இடம் சாக்கடல். கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்புச் செறிந்து, மீனினம் வாழ இயலாத அந்நீர் நலம் பெறுகிறது. எங்கேதி முதல் வலைகள் காய்கின்றன. கரைமரங்கள் மாதந்தோறும் கனி தருகின்றன. ஆயினும் சேற்றுநிலங்களும் சதுப்புகளும் மட்டும் நலமடையாமல் உப்புக்கென விடப்படும் என அக்காட்சி கூறுகிறது. கனவின் உச்சத்திலும் உப்பின் தேவையை மறவாத உலகியலறிவு அது. அச்சாக்கடலின் நீர்மட்டம் யோர்தானின் நீர் திருப்பப்பட்டதால் இன்று ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவருகிறது என்பதை நினைக்குங்கால், எசேக்கியேலின் காட்சி புதிய கூர்மை பெறுகிறது.

பாரசீகத் தொடர்பு எபிரேயத்திற்கு ஒரு சொல்லையும் தந்தது. மதில் சூழ்ந்த தோட்டத்தைக் குறித்த பழைய ஈரானியச் சொல் எபிரேயத்தில் 'பர்தேஸ்' ஆயிற்று. உன்னதப்பாட்டிலும் பிரசங்கியிலும் நெகேமியாவிலும் அது வருகிறது. அதே சொல் கிரேக்கத்தில் 'பரதைசோஸ்' ஆகி, கிரேக்க மொழிபெயர்ப்பில் ஏதேன் தோட்டத்தின் பெயராக அமர்ந்து, பின்னர் மேலை மொழிகளில் விண்ணுலகையே குறிக்கலாயிற்று. அரசரின் வேலியிட்ட பூங்கா, யாவர்க்குமான பேரின்ப வீடாக மாறிய சொல்வரலாறு இது.

புதிய ஏற்பாட்டில் தோட்டம்

இயேசு வாழ்ந்த கலிலேயாவும் உழவர் நாடே. அவர் கூறிய உவமைகளில் விதைப்பவன், கடுகுவிதை, கனியற்ற அத்தி, தோட்டக் கூலியாள்கள் எனப் பயிர்த்தொழில் நிறைந்திருப்பது இயல்பு. மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் குத்தகைக்காரர் உவமை, ஏசாயாவின் பாட்டை வெளிப்படையாகவே நினைவூட்டுகிறது. வேலி, ஆலை, கோபுரம் மூன்றும் அப்படியே உள்ளன. ஆனால் குற்றம் இடம்பெயர்கிறது. ஏசாயாவில் கொடியே கசப்புக்காய் தந்தது. இங்கே கொடி நன்றாகவே காய்த்தது, அதைப் பேண வந்தோர் உரிமையாளனின் மகனையே கொன்றனர். கேட்ட தலைவர்கள் தம்மைக் குறித்தே அது சொல்லப்பட்டது என உணர்ந்தனர் என்கிறது நற்செய்தி.

யோவான் நற்செய்தி இன்னும் ஒரு படி செல்கிறது. மக்களினத்தின் குறியீடாக இருந்த கொடி, அங்கு ஒருவரின் உருவாகிறது. அவரோடு இணைந்தோர் கிளைகள். ஒலிவ எண்ணெய் ஆலை எனப் பொருள்படும் கெத்செமனேயில் இயேசுவின் துயரிரவு நிகழ்கிறது. யோவான் மட்டுமே அவ்விடத்தைத் தோட்டம் எனச் சுட்டுகிறார். கல்லறையும் தோட்டத்திலேயே அமைகிறது. உயிர்த்தவரை மகதலா மரியாள் தோட்டக்காரர் என எண்ணுகிறாள். பவுல், உரோமையர்க்கு எழுதிய மடலில், பிற இனத்தாரைக் காட்டொலிவக் கிளைகளாகவும் அவர்கள் ஒட்டவைக்கப்பட்ட மரத்தை இசுரயேலாகவும் கூறி, கிளை வேரைத் தாங்குவதில்லை, வேரே கிளையைத் தாங்குகிறது என எச்சரித்தார். பிற்காலக் கிறித்தவ உலகம் யூதரை நடத்திய முறையை எண்ணும்போது, அவ்வெச்சரிக்கை பல நூற்றாண்டுகள் கேளாச் செவியில் விழுந்தது எனத் துணிந்து கூறலாம். விவிலியத்தின் இறுதி ஏடு எசேக்கியேலின் ஆற்றை மீண்டும் ஓடவிட்டு, கரையிலுள்ள மரத்தின் இலைகளை எல்லா இனத்தாரின் நலத்திற்கும் உரியவையாக்குகிறது.

நிலம் போனபின் நின்ற குறியீடு

எருசலேம் கோவில் வாயிலில் பொன்னாலான திராட்சைக்கொடி படர்ந்திருந்ததாக யோசேபஸ் எழுதுகிறார். உரோமுக்கு எதிராகக் கிளர்ந்த யூதர், கி.பி. 67, 68-ஆம் ஆண்டுகளின் வெண்கல நாணயங்களில் திராட்சை இலையைப் பொறித்தனர்; சீயோனின் விடுதலை என்பது அதன் வாசகம். கி.பி. 70-இல் உரோமர் நகரை முற்றுகையிட்டபோது, முற்றுகை வேலைகளுக்காகச் சுற்றிலும் தொண்ணூறு ஸ்டேடியா தொலைவிற்கு, அஃதாவது ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு, மரங்களனைத்தும் வெட்டப்பட்டன என்கிறார் அதே வரலாற்றாசிரியர். முற்றுகையிலும் கனிமரத்தைக் கோடரியால் வெட்டலாகாது என்று உபாகமத்தின் இருபதாம் அதிகாரம் விதித்திருந்த மண் அது. வென்ற உரோமர் அடித்த நாணயங்களில் ஒரு பேரீச்சமரம் நிற்க, அதனடியில் ஒரு பெண் துயருற்று அமர்ந்திருக்கிறாள். ஒரு மரம் விடுதலைக்கும் அடிமைக்கும் சான்றாக நிற்க இயலும் என்பதை இந்நாணயங்கள் காட்டுகின்றன.

நிலத்தை இழந்து உலகெங்கும் சிதறிய யூதர், பனி உறையும் வட நாடுகளிலும் இலையுதிர்காலப் பெருவிழா முடிவில் மழைக்காகவும் பாஸ்காவில் பனித்துளிக்காகவும் வேண்டிவந்தனர். அவர்கள் வாழ்ந்த நாடுகளின் பருவமன்று அது. காணாத நாடொன்றின் முன்மாரி தொடங்கும் காலமும் கோடை தொடங்கும் காலமும் ஆகும். கெசேர் பலகையின் வேளாண் ஆண்டு வழிபாட்டு நூலில் உயிர்வாழ்ந்தது.

தமிழுக்கு இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்த சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டின் வழியே நற்செய்தியின் தோட்டங்கள் அச்சுத் தமிழில் நுழைந்தன. 1726-இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி, யூதேய நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப் படலத்தில் நீர்வளமும் வயல்வளமும் மிக்க மருதமாகக் காட்டியது. மலைகளும் கற்களும் நிறைந்த, வானம் பார்த்த அந்நாடு தமிழில் ஆற்றுப்பாசன நாடாயிற்று. இதனைப் பிழையெனல் தகாது. தமிழ் நெஞ்சில் வளம் என்னும் பொருள் வயல்வழியே அன்றி நுழையாது என்பதை முனிவர் அறிந்திருந்தார். ஆயினும் அம்மாற்றத்தில் ஒன்று குறைந்தது. மழை வருமோ வாராதோ என்னும் நடுக்கமே எபிரேயக் கவிஞர்களின் கொடியையும் அத்தியையும் அறத்தோடு பிணைத்தது. அந்நடுக்கம் அறிந்து வாசிப்போர்க்கு, நாபோத்தின் மறுப்பும் ஆனதோத்தின் பத்திரமும் வருணனைக்கு அப்பாற்பட்ட பொருளைத் தரும்.